நிமிடத்தில் மாறும் இன்சுலினும் மாதத்தில் மாறும் பீட்டா செல்லும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. கணிதம் கடைசி வருடம், சர்க்கரை நோய்க்குக் கணித மாதிரி போடுவது ப்ராஜெக்ட். ரத்தச் சர்க்கரை, இன்சுலின், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் நிறை என்று மூன்று வகைக்கெழுச் சமன்பாடுகள். மணிக்கு ஒரு அடி என்று வைத்து, இப்போது மாறும் வேகத்தையே அடுத்த அடிவரை நீட்டிக் கணக்கிடும் ஆய்லர் முறையில் பத்து வருடத்துக்கு ஓட்டப் பார்த்தால், இரண்டு மூன்று அடிக்குள் இன்சுலின் மைனஸில் போய், அப்புறம் எண்கள் வெடித்துவிடுகின்றன. கைடு "இன்சுலின் சமன்பாட்டைத் தூக்கிவிடுங்கள்" என்கிறார். இன்சுலின் இல்லாமல் ஒரு சர்க்கரை நோய் மாதிரியா, உயிரியலே பொய்யாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கைடு சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். தூக்க வேண்டியது சமன்பாட்டை. இன்சுலின் அங்கேயே இருக்கும், வேறு உருவத்தில்.

என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மயிலாப்பூரில் பாதி வீடுகளில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும். டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் இருக்கும்போது காபியில் சர்க்கரை நின்றுவிடும், ராத்திரி இட்லி மூன்றாகக் குறையும், நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாலு சுற்று எட்டுச் சுற்றாகும். வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 108 என்று வந்ததும் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை. டாக்டர் அடுத்த வரியைப் பார்ப்பார், எச்பிஏ1சி 8.1. "சார், இது மூணு மாசக் கணக்கு, ஒரு வாரத்துல ஏமாத்த முடியாது" என்பார். அப்பா வீட்டுக்கு வந்து லேபைத் திட்டுவார்.

நடப்பது இதுதான். எச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற அளவு. சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒருமுறை நன்றாக ஒட்டிக்கொண்டால், அந்தச் சிவப்பணு சாகும்வரை கிட்டத்தட்ட அங்கேயே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே நிமிடத்துக்கு நிமிடம் ஆடும் ஒரு எண்ணை, மாதக்கணக்கில் வாழும் ஒரு செல் கூட்டிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் இது எல்லா நாளுக்கும் சம எடை கொடுக்கும் சராசரி இல்லை, பலருக்கு இது தெரிவதில்லை. எல்லாச் சிவப்பணுவும் சரியாக 120 நாள் வாழ்கிறது, ரத்தத்தில் எல்லா வயது அணுவும் சம அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளுக்கு முந்தைய சர்க்கரையைப் பார்த்தவை இன்றைய அணுக்களில் பாதிதான், மீதிப் பாதி அப்போது பிறக்கவே இல்லை. இப்படி எடை போட்டால் கடைசி 30 நாளுக்கு 44 சதவீதம், அதற்கு முந்தைய மாதத்துக்கு 31, அதற்கும் முன்னால் 19, நாலாவது மாதத்துக்கு வெறும் 6. அப்பாவின் ஒரு வாரத் தவத்துக்கும் 11 சதவீதம் மதிப்பெண் உண்டு. பாவம், அதைச் சொன்னால் இன்னும் திட்டுவார்.

வேகமான ஒன்றையும் மெதுவான ஒன்றையும் சேர்த்து வைப்பதைக் கணிதம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, உடம்பே அதைச் செய்துகொண்டிருக்கிறது என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். சரி, உங்கள் மாதிரிக்கு வருவோம்.

நீங்கள் எடுத்திருப்பது 2000-ல் டாப், ஃபைன்குட் முதலியோர் வெளியிட்ட மூன்று சமன்பாட்டு மாதிரி என்று எண்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் இன்சுலின் நீங்கும் வேகம் ஒரு நாளைக்கு 432. தலைகீழாக்கினால் 3.3 நிமிடம், அதுதான் இன்சுலினின் காலம், அதாவது அது அடங்க எடுக்கும் நேரம். சர்க்கரையின் காலம், ஆரோக்கியமான நிலையில், 2.8 மணி நேரம் வருகிறது. பீட்டா செல் சமன்பாட்டில் உள்ள இறப்பு வேகம் நாளைக்கு 0.06, அதாவது சுமார் 17 நாள். மூன்று நிமிடம், மூன்று மணி நேரம், மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எந்த மாதிரி கையில் வந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான், ஒவ்வொரு மாறிக்கும் பக்கத்தில் அதன் காலத்தை எழுதுவது. பேப்பரும் பென்சிலும் போதும், பத்து நிமிட வேலை. நான் ஆரம்பத்தில் இதைச் செய்யாமல் நேராகப் புரோகிராம் எழுத உட்கார்ந்து ஒரு முழு மழைக்காலத்தைத் தொலைத்தவன்.

இப்போது உங்கள் புரோகிராம் ஏன் வெடித்தது என்று பாருங்கள். சர்க்கரை 100-ல் நிற்கிறது, இன்சுலினின் சமநிலை 10, நீங்கள் 12-ல் ஆரம்பிக்கிறீர்கள். விலகல் 2. ஒரு மணி நேர அடியில் நீங்கும் வேகம் 432-ஐ 24-ஆல் வகுத்தால் 18. ஆய்லர் முறையில் ஒவ்வொரு அடியிலும் விலகலை (1 − 18), அதாவது −17 ஆல் பெருக்குகிறீர்கள். முதல் அடியில் விலகல் −34, இன்சுலின் −24. அடுத்த அடியில் விலகல் 578. இதில் கணையத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. 3 நிமிடத்தில் அடங்கிவிடும் ஒன்றை 60 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, அப்போது கண்ட சரிவை அடுத்த ஒரு மணி நேரத்துக்கும் அப்படியே நீட்டியதன் விளைவு. வெடிக்காமல் இருக்க அடி 6.7 நிமிடத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 8 லட்சம் அடி. இன்றைய லேப்டாப்புக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் இதே கணக்கை ஆயிரம் நோயாளிகளுக்கு, ஆளுக்கு ஆயிரம் விதமான அளவுருக்களோடு ஓட்ட வேண்டி வரும்போது கழுத்தைப் பிடிக்கும்.

மிக வேகமானதும் மிக மெதுவானதும் கலந்த இந்த மாதிரிச் சமன்பாடுகளுக்கு ஸ்டிஃப் என்று பெயர் வைத்தவர்கள் கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இருவர், 1952-ல். வழி அப்போதே தெரிந்துவிட்டது: அடியின் தொடக்கத்தில் உள்ள சரிவை எடுப்பதற்குப் பதிலாக முடிவில் உள்ள சரிவை எடுங்கள். அப்போது அதே ஒரு மணி நேர அடியில் விலகல் 19-ஆல் வகுபடும், 2 என்பது 0.1 ஆகிவிடும். ஒவ்வொரு அடியிலும் ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வேண்டிய கூடுதல் வேலை உண்டு, ஆனாலும் லாபம்தான். பைத்தானில் என்றால் தீர்ப்பான் முறையை பிடிஎஃப் அல்லது ரடாவ் என்று மாற்றுங்கள், மேட்லாப் என்றால் ஓடிஇ45-ஐ விட்டு ஓடிஇ15எஸ். ஒரே ஒரு வார்த்தை மாற்றம். மூன்று சமன்பாடும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தால் இதோடு உங்கள் பிரச்சினை தீர்ந்தது, மீதியைப் படிக்காமலே போகலாம்.

ஆனால் கைடு சொன்ன வழி இன்னும் கொஞ்சம் அறிவைத் தரும். கூட்டமான பஸ்ஸில் ஒவ்வொரு பிரேக்குக்கும் நிற்பவர்கள் முன்னால் சாய்ந்து ஒரு நொடியில் நிலைக்கு வருவார்கள். பஸ் எத்தனை மணிக்குத் தாம்பரம் போகும் என்று கணக்குப் போட அந்தச் சாய்வு தேவையில்லை. இன்சுலினும் அப்படித்தான், சர்க்கரை எங்கே போனாலும் சில நிமிடத்தில் அதற்குரிய இடத்துக்குப் போய் நின்றுகொள்கிறது. எனவே இன்சுலின் மாறும் வேகத்தைச் சுழியம் என்று வைத்துவிடலாம். சர்க்கரை அளவை ச என்று எழுதினால், இன்சுலின் = பீட்டா செல் நிறை × 43.2 × ச² ÷ (20000 + ச²) ÷ 432. நிறை 300 மில்லிகிராம், ச 100 என்று போடுங்கள், 10 வரும். வகைக்கெழுச் சமன்பாடு போய்ச் சாதாரணச் சமன்பாடு வந்துவிட்டது. இன்சுலின் இன்னும் வேலை செய்கிறது, அதற்கென்று தனி ஞாபகம் மட்டும் இல்லை.

இந்தத் தந்திரம் புதிதில்லை. 1913-ல் மைக்கேலிஸ், மெண்டன் இருவரும் என்சைம்களுக்கு எழுதிய சமன்பாட்டை, 1925-ல் பிரிக்ஸும் ஹால்டேனும் இதே மாதிரி "இடையில் உருவாகும் கூட்டு சட்டென்று நிலைக்கு வந்துவிடும்" என்று சொல்லி வேறு வழியில் வருவித்தார்கள். அந்த ஹால்டேன்தான் பின்னாளில், 1957-ல், இந்தியாவுக்கு வந்து குடியுரிமை வாங்கி 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர்.

எப்போது தூக்கக் கூடாது? சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றி முதல் பத்து நிமிடத்தில் இன்சுலின் எப்படி எழும்புகிறது என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், அதே இன்சுலின் சமன்பாடுதான் கதாநாயகன், பீட்டா செல் நிறை வெறும் மாறிலி. மாதிரி மாறவில்லை, கேட்ட கேள்வியின் நீளம்தான் மாறியது. மாறிலி என்று நாம் எழுதுவதெல்லாம் "நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மாறவில்லை" என்ற பொருளில்தான், மருந்து அட்டையில் இருப்பதுபோல அதற்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு.

அந்தத் தேதி தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பீட்டா செல் நிறையின் வளர்ச்சி வேகம்: −0.06 + 0.00084 ச − 0.0000024 ச². இது சுழியமாகும் இடங்கள் இரண்டு, ச = 100, ச = 250. நடுவில் இருந்தால் செல்கள் பெருகும், சர்க்கரையைக் கீழே இழுத்து 100-க்குக் கொண்டுவரும். 250-ஐத் தாண்டினால் செல்கள் சாகும், சர்க்கரை ஏறும், இன்னும் சாகும், கடைசியில் செல்லே இல்லாமல் 600-ல் போய் நிற்கும். இப்போது ஒருவருக்கு இன்சுலினுக்கு உடம்பு காட்டும் உணர்திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வையுங்கள். ஒரே நாளில் அப்படிக் குறைந்தால் பீட்டா செல் 300-லேயே இருக்கும், அதற்கு அசைய நேரமில்லை, சர்க்கரை சுமார் 275-க்குப் போய்விடும், 250-க்கு அந்தப் பக்கம், கதை முடிந்தது. அதே குறைவு இரண்டு வருடத்தில் சீராக நடந்தால்? செல் நிறை பத்து மடங்கு வளர வேண்டும், அதற்கு நாளைக்கு 0.00315 வேகம் போதும், அந்த வேகத்தைத் தரும் சர்க்கரை அளவு 109. அவ்வளவுதான். இரண்டு வருடமும் சர்க்கரை 109 பக்கத்தில் இருந்துவிட்டு மறுபடி 100-க்கு இறங்கிவிடும். தொடக்கமும் முடிவும் ஒன்றே, போன வேகம் மட்டும் வேறு, ஒருவர் தப்பிக்கிறார், ஒருவர் தப்பிக்கவில்லை. மெதுவானதை மாறிலி என்று வைத்தவருக்கும் இது தெரியாது, எல்லாவற்றையும் சமநிலையில் வைத்தவருக்கும் தெரியாது. (வளர்ந்த மனிதரின் பீட்டா செல்கள் நிஜத்தில் இவ்வளவு சுலபமாகப் பெருகுவதில்லை, ஆகவே இந்த எண்களை வைத்துக்கொண்டு யாருக்கும் ஜோசியம் சொல்லிவிடாதீர்கள்.)

அடுத்து ஒரு பொறி. நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டையும் தனித்தனியாகப் போடாமல் சராசரிச் சர்க்கரையைப் போட்டுவிடலாமா என்று உங்களுக்கு எப்படியும் தோன்றும். மேலே உள்ள சமன்பாட்டில் ச² இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். ச²-ன் சராசரி, சராசரியின் வர்க்கம் இல்லை, அதோடு ஏற்ற இறக்கத்தின் மாறுபாட்டையும் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) கூட்ட வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை அசையாமல் 150-ல் இருந்தால் வளர்ச்சி வேகம் 0.012, செல் நிறை 58 நாளில் இரட்டிப்பாகும். இன்னொருவருக்கும் சராசரி 150 தான், ஆனால் திட்ட விலக்கம் 60, சாப்பிட்டதும் ஏறி அப்புறம் இறங்கி. அவருக்கு வேகம் 0.0034, இரட்டிப்பாக 206 நாள். இருவருக்கும் எச்பிஏ1சி கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும். வேகமான ஆட்டம் மெதுவான சமன்பாட்டுக்குள் ஒழுகும் வழி இந்த வளைவுதான். நேர்கோடாக இருந்திருந்தால் சராசரி போதும். வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்க்காமல் சராசரி போடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் காலங்கள் நன்றாக விலகி இருக்கும்போது. விலகாமல் இருந்தால்? சென்னையில் இதற்கு நல்ல உதாரணம் மொட்டைமாடியிலேயே இருக்கிறது. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி கொசுவுக்கு மூடாத டேங்கும் கிணறும்தான் வீடு. முட்டை கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் காயவிடச் சொல்கிறார்கள். சுகாதார ஊழியர் சொல்லும் "வாரம் ஒரு தடவை" என்பதே ஒரு கால அளவுக் கணக்கு. 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ் பிறகு இதற்குச் சமன்பாடும் எழுதினார். இந்த நோயில் ஒரு மோசமான பொருத்தம் இருக்கிறது. கொசு கிருமியைக் குடித்து அது மறுபடி கடித்துப் பரப்பும் நிலைக்கு வரச் சுமார் 10 நாள். கொசுவின் ஆயுளும் அதே அளவுதான். எதை வேகம் என்பது, எதை மெதுவு என்பது? இரண்டையும் தூக்க முடியாது. 100 கொசுக்கள் கிருமியை வாங்கிக்கொண்டன என்று வைப்போம். நாளைக்கு 90 சதவீதம் பிழைத்தால் 10 நாள் கழித்து 35 கொசு மிஞ்சும். 80 சதவீதம் பிழைத்தால் 11 தான். அன்றாடச் சாவு இரண்டு மடங்கானால் ஆபத்தான கொசுக்கள் மூன்றில் ஒன்றாகின்றன. 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்டு பிடித்துச் சொன்னது இதைத்தான்: வளர்ந்த கொசுவின் ஆயுளைக் குறைப்பதில் இருக்கும் பலன், முட்டையைக் குறைப்பதில் இருப்பதைவிட வேகமாகப் பெருகும். அந்தப் பத்து நாளை "கணநேரம்" என்று தூக்கி எறிந்த மாதிரியில் இது கண்ணிலேயே படாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மெதுவாகத் தெரிவதெல்லாம் மெதுவு இல்லை. 1986-ல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தது இதே சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழு. அந்தக் காலத்தில், தொற்றியபின் பல வருடம் நோயாளி சும்மா இருப்பதைப் பார்த்து வைரஸும் தூங்குகிறது என்றே பலர் நினைத்தார்கள். செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்கிறது என்றால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தமா? வரத்தும் திறப்பும் சமமாக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி, வரத்தை அடைத்துவிட்டு மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. 1995, 96-ல் டேவிட் ஹோ, ஆலன் பெரல்சன் முதலியோர் புது மருந்தைக் கொடுத்து வைரஸ் அளவை நாளுக்கு நாள் அளந்தபோது அது சரசரவென்று விழுந்தது. கணக்குப் போட்டால் தினமும் ஆயிரம் கோடி வைரஸ் பிறந்து அதே அளவு அழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு வேகமாகப் பெருகினால் மாற்றங்களும் அவ்வளவு வேகமாக வரும், ஒற்றை மருந்துக்கு எதிர்ப்பு சீக்கிரமே முளைக்கும், ஆகவே ஒரே நேரத்தில் மூன்று மருந்து. ஒரு காலம் தெரிந்துகொண்டதில் சிகிச்சையே மாறியது.

உங்கள் ப்ராஜெக்டுக்கும் இதே வைத்தியம்தான், தட்டிப் பாருங்கள். முழு மூன்று சமன்பாட்டையும் ஸ்டிஃப் தீர்ப்பானில் ஓட்டி ஒரு வரைபடம் எடுங்கள். அப்புறம் 43.2 (சுரக்கும் வேகம்), 432 (நீங்கும் வேகம்) இரண்டையும் பத்தால் பெருக்கி ஓட்டுங்கள். சமநிலை மாறாது, இன்சுலின் மட்டும் பத்து மடங்கு வேகமாகும். பீட்டா செல் கோடு முன்னதன் மேலேயே விழுந்தால் கைடு ஜெயித்தார், சமன்பாட்டைத் தூக்கலாம். பிறகு இரண்டையும் பழைய அளவிலிருந்து நூறால் வகுத்து ஓட்டுங்கள், இன்சுலினின் காலம் ஐந்தரை மணி நேரமாகிச் சர்க்கரையின் காலத்தோடு மோதும், சர்க்கரை தன் இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்புவதைப் பார்க்கலாம், சமன்பாட்டைத் தூக்கிய மாதிரியில் அந்தத் தாண்டல் இருக்காது. இந்த மூன்று படத்தையும் ஒரே பக்கத்தில் போடுங்கள், வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில். உணர்திறனை ஒரே நாளிலும் இரண்டு வருடத்திலும் குறைக்கும் அந்த இரட்டைக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கால அளவில் குறைத்தால் 250-ஐத் தொடுகிறது என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள், அதை நான் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.